பாலையில் ஒரு பனிக்காலம்

பாலைத் திணைக்குப் பிரிவை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். பொருள் தேடப் புறப்படும் தலைவன் கடக்க வேண்டிய நிலம் அது. இல்லிலிருந்து வாடும் தலைவி நினைந்து நினைந்து அஞ்சும் நிலமும் அதுவே. ஆயினும் அதே பாலையில் உடன்போக்கு என்னும் நிகழ்வும் பேசப்படுகிறது. பெற்றோரும் சுற்றமும் அறியாவண்ணம் தலைவனும் தலைவியும் ஒருவர்க்கொருவர் துணையாகச் சுரம் கடப்பது அது. இலக்கியத்தில் அவ்வாறு செல்வோர் இளையோர். எழுபது வயதில் உடன்போக்கு மேற்கொள்வோர்க்கு நம் இலக்கணிகள் துறை வகுத்தாரில்லை. அத்தகைய முதிய இணையர் பல்லாயிரவர் ஆண்டுதோறும் வட அமெரிக்கப் பாலைநிலத்திற்கு வந்து பனிக்காலத்தைக் கழித்து மீள்கின்றனர். அவர்தம் வாழ்வு எத்தகையது, எவற்றின் துணையால் அது நிற்கிறது, எவ்விடத்தில் அது தளர்கிறது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இச்செய்தியைக் கேட்டவுடன் நம் ஊர்ப் பெரியவர்கள் எழுப்பும் முதல் வினா, "ஏன், அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?" என்பதாகவே இருக்கும். பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகளும் உண்டு. வீட்டினின்று விரட்டப்பட்டவர்கள் என்று இவர்களைக் கருதுவது பெரும்பாலும் பொருந்தாது. எல்லாவற்றையும் துறந்து வந்தவர்கள் என்று கருதுவதும் பொருந்தாது. இவர்கள் இல்லறத்தைத் துறக்கவில்லை. இல்லத்தையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். மக்கள் கடல் கடந்து பொருளீட்ட, பெரிய வீட்டில் இருவராய் வாழும் முதியோர் இன்று நம் ஊர்களிலும் அரியர் அல்லர். ஆதலின் இதனை நாம் வேற்று நாட்டு வேடிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது.

நிலமும் பொழுதும்

அரிசோனா மாநிலத்தின் மேற்கெல்லையில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், குவார்ட்சைட் என்னும் சிற்றூர் உள்ளது. சொனோரா என்னும் பெரும்பாலையின் ஒரு பகுதி அது. கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக் கல்லும், இடையிடையே முட்செடிகளும், தூண்போல் உயர்ந்து நிற்கும் சகுவாரோ என்னும் கள்ளி இனமும், அப்பால் மரமற்ற குன்றுகளும் தெரியும். ஆண்டு முழுவதும் அங்குப் பெய்யும் மழை, நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசியில் ஒருநாள் அடைமழையாகப் பெய்வதை ஒக்கும். கோடை வெப்பம் 40 பாகை செல்சியசை எளிதில் கடந்துவிடும். அக்காலத்தில் அங்கே தங்குவோர் மிகச் சிலர். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஊரின் மக்கள்தொகை 2,413 மட்டுமே.

பனிக்காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. சனவரி மாதத்தில் பகலில் 20 பாகையை ஒட்டிய இளவெயில். இரவில் 5 பாகை அளவில் தாங்கத்தக்க குளிர். அதே நாள்களில் கனடாவின் சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாநிலங்களிலும் அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டக்கோட்டா மாநிலங்களிலும் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 20 பாகை வரை தாழ்வது வழக்கம். வாசலில் குவிந்த பனியை மண்வாரியால் தள்ளினாலன்றி வெளியே கால் வைக்க இயலாது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் முதுமையில் அது உயிர்க்கே இடராகும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டுப் பங்குனியில் வடக்கே திரும்பும் இம்முதியோரை அந்நாட்டார் 'பனிப்பறவைகள்' என்று அழைக்கின்றனர். நம் சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட நாரையும் இணையோடு வலசை வந்த பறவைதானே! தொல்காப்பியர் பாலைக்கு வேனிலை உரிய பொழுதாகக் கூறியதோடு நில்லாமல், பின்பனியும் அதற்கு உரியது என்றார். கடும்பாலையும் வாழ்தற்கினிய நிலமாகும் பருவம் பின்பனியே என்பதைக் குவார்ட்சைட்டில் கண்கூடாகக் காணலாம்.

இவ்வூரைச் சூழ்ந்துள்ள பாலைநிலத்தில் பெரும்பகுதி நடுவணரசுக்கு உரியது. அதனைப் பேணும் அரசுத்துறை, முதியோர் ஆங்காங்கே தங்குவதைக் கண்டு, 1983ஆம் ஆண்டில் நெடுநாள் தங்குவோர்க்கெனத் தனி நிலப்பரப்புகளை வரையறுத்தது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் அங்கே தங்க ஓர் அனுமதிச் சீட்டுப் போதும். நெடுங்காலம் அதன் கட்டணம் 180 டாலராக இருந்தது. ஊரின் தெற்கே உள்ள லா போசா என்னும் பரப்பு மட்டும் பதினோராயிரம் ஏக்கருக்கு மேற்பட்டது. அங்கே குடிநீர்க் குழாயும், கழிவுநீர் கொட்டுமிடமும், குப்பைத் தொட்டியும் உண்டு. சீட்டு வாங்க விரும்பாதோர் அப்பாலுள்ள பொதுநிலத்தில் 14 நாள் கட்டணமின்றித் தங்கலாம்; பின்னர் இடம்பெயர்தல் வேண்டும்.

சனவரி வந்துவிட்டால் ஊரே சந்தையாகிவிடும். 1967இல் தொடங்கிய மணிக்கற் சந்தையும், 1984இல் தொடங்கிய சக்கர வீட்டுக் கண்காட்சியும் இலட்சக்கணக்கானோரை ஈர்க்கின்றன. பட்டை தீட்டாத கற்கள், பழைய கருவிகள், மின்கலங்கள், தொப்பிகள் என விற்பனைக்கு வராத பொருள் இல்லை எனலாம்.

ஹாஜி அலியின் கல்லறை

இவ்வூரைப் பற்றிக் கூறுமிடத்து நம் கல்லூரி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குவார்ட்சைட் இடுகாட்டில் கல்லால் கட்டப்பட்ட கூம்பு ஒன்றும், அதன் உச்சியில் செம்பால் ஆன ஒட்டகமும் காணப்படுகின்றன. அதன் கீழ் அடக்கம் செய்யப்பட்டவர் ஹாஜி அலி. உதுமானியப் பேரரசிலிருந்து சென்ற ஒட்டகக்காரர் அவர்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலையில் குதிரையும் கோவேறு கழுதையும் நீரின்றித் தளர்ந்தன. ஒட்டகத்தைப் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணிய அமெரிக்க அரசு, 1855இல் அதற்கென 30,000 டாலர் ஒதுக்கியது. 1856, 1857 ஆகிய ஆண்டுகளில் இரு தவணையாக எழுபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் டெக்சாஸ் கடற்கரையில் இறக்கப்பட்டன. அவற்றைப் பழக்கவும் ஓட்டவும் அழைத்துச் செல்லப்பட்டவருள் ஹாஜி அலியும் ஒருவர். ஒட்டகங்கள் நன்றாகவே உழைத்தன. ஆயினும் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஹாஜி அலியோ நாடு திரும்பாமல் அப்பாலையிலேயே பொதி சுமந்தும் கனிமம் தேடியும் வாழ்ந்து 1902இல் மறைந்தார். அவர் பெயரை ஒலிக்கத் தெரியாத போர்வீரர்கள் 'ஹை ஜாலி' என்று திரித்து வழங்கினர். கல்லறையிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. 1935இல் மாநில நெடுஞ்சாலைத் துறையினர் அந்நினைவுச் சின்னத்தை எழுப்பினர். ஊரின் வடக்கே முதியோர் வந்து தங்கும் பொதுநிலம் ஒன்றுக்கும் இன்று அவர் பெயரே வழங்குகிறது. பாலையில் வாழ்வதற்கு வேண்டுவனவற்றைத் தன் முதுகிலேயே சுமந்து செல்லும் உயிர் ஒட்டகம். இன்று அந்நிலத்தில் வந்து தங்கும் ஊர்திகளும் ஒருவகையில் ஒட்டகங்களே.

சக்கர வீடு

அவ்வூர்திகளை ஆர்.வி. என்பது அவர்தம் சுருக்க வழக்கு. நாம் சக்கர வீடு என்போம். சிற்றுந்தோ சரக்குந்தோ இழுத்துச் செல்லும் இழுவை வீடு ஒருவகை. பேருந்து போலத் தானே ஓடும் வீடு மற்றொரு வகை. பெயருக்கு மட்டும் சக்கரம் பூண்டு, ஒரே இடத்தில் நின்றுவிடும் பூங்கா வீடு மூன்றாம் வகை. இதன் பரப்பு 400 சதுர அடிக்கு மேற்படலாகாது என்பது விதி.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1919ஆம் ஆண்டிலேயே புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரில், உந்தோடு கூடாரத்தையும் தகரப்பெட்டி உணவையும் கொண்டு ஊர் சுற்றுவோர் 'தகரப்பெட்டிப் பயணிகள்' என்ற பெயரில் சங்கம் கண்டனர். 1956இல் நாடு தழுவிய பெருஞ்சாலைத் திட்டத்திற்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1966இல் அயோவா மாநிலத்து வினபேகோ நிறுவனம் தானே ஓடும் வீடுகளைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1990இல் சுவரின் ஒரு பகுதி இழுப்பறைபோல் வெளியே நீளும் அமைப்பு அறிமுகமாயிற்று. வண்டி நின்றவுடன் பொத்தானை அழுத்தினால் கூடம் அகன்று விரியும். முதியோர் ஐந்தாறு மாதம் தொடர்ந்து தங்குவதற்கு ஏற்றதாகச் சக்கர வீட்டை ஆக்கியதில் இவ்விழுப்பறைச் சுவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நம் கருத்து.

இவ்வீட்டில் வாழ்தல் கணக்கோடு வாழ்தலாகும். வீட்டின் அடியில் மூன்று தொட்டிகள் உள்ளன. ஒன்றில் நன்னீர், இன்னொன்றில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும், மூன்றாவதில் கழிப்பறைக் கழிவு. நன்னீர் குறையும் அளவுக்குக் கழிவுநீர் நிறையும். குழாயிணைப்பு இல்லாத பாலையில் இருநூறு லிட்டர் அளவிலான நீரைக் கொண்டு இருவர் பத்து நாள் ஓட்டவேண்டும் எனின், குளிக்கும்போது உடலை நனைத்தவுடன் குழாயை மூடி, சோப்புத் தேய்த்தபின் மீண்டும் திறப்பதே முறை. வெந்நீர் வரும்வரை வீணாகும் தண்ணீரையும் பாத்திரத்தில் பிடித்துவைப்பர். மின்னாற்றலும் அவ்வாறே. கூரைமேல் பதித்த கதிரொளித் தகடு பகலில் மின்கலத்தை நிரப்பும்; இரவில் விளக்கும் வானொலியும் அதைக் கொண்டே இயங்கும். குளிர்பெட்டி எரிவாயுவால் இயங்கும். மேகமூட்டமான நாளில் தொலைக்காட்சி இல்லை. நகரத்தில் ஐந்தறை வீட்டில் நாற்பதாண்டு வாழ்ந்தவர்கள், நீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்பதை அறுபத்தைந்து வயதுக்குமேல் புதிதாகக் கற்றுக்கொள்கின்றனர்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்வீடு இருவர்க்கென்றே அமைந்தது. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி உரிய இடத்தில் நிறுத்தும்போது ஒருவர் வண்டியில் இருக்க, மற்றவர் கீழே நின்று கையசைத்து வழி காட்டவேண்டும். பெரும்பாலும் ஓட்டுபவர் கணவர், காட்டுபவர் மனைவி. "இடப்பக்கம் என்றது உன் இடமா, என் இடமா?" என்னும் பூசல் எழாத இணையர் அரியர், சுற்றிலும் நாற்காலியிட்டு அமர்ந்து அதை வேடிக்கை பார்ப்பதும் அங்கே ஒரு பொழுதுபோக்கு. இணைப்பைப் பொருத்துதல், தொட்டியைக் காலிசெய்தல், சக்கரக் காற்றைச் சரிபார்த்தல் ஆகியவை ஒருவர் கையிலும், சமையல், மருந்துக் கணக்கு, தொலைவரைபடம், பிள்ளைகளோடு தொடர்பு ஆகியவை மற்றவர் கையிலும் அமைந்துவிடுகின்றன. இப்பங்கீடு எவ்வளவு இனிதாக நடைபெறுகிறதோ அவ்வளவுக்குப் பின்னர் இடர் விளைப்பதும் அதுவே. அதனை இறுதியில் காண்போம்.

குடியிருப்பில் ஒருநாள்

பாலையில் எல்லாரும் பொதுநிலத்தில் தங்குவதில்லை. வசதியுடையோர் யூமா, மேசா, அப்பாச்சி ஜங்ஷன், டூசான் முதலிய இடங்களில் சக்கர வீடுகளுக்கென்றே அமைந்த தனியார் குடியிருப்புகளில் இடம் வாடகைக்கு எடுக்கின்றனர். நீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய மூன்றுக்கும் அங்கே இணைப்பு உண்டு. நீச்சற்குளமும் மன்றக் கூடமும் உண்டு. இவற்றுள் பல, 55 வயதுக்கு மேற்பட்டோர்க்கு மட்டும் உரியவை. வீட்டு வாடகையில் வேற்றுமை காட்டலாகாது என்னும் சட்டத்தில் முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பத்தில் எட்டு மனைகளில் ஒருவரேனும் 55 வயது நிரம்பியவராயின் அவ்விலக்கைப் பெறலாம். பேரன் பேத்தியர் விருந்தாக வரலாம், தங்கிவிடலாகாது. குழந்தை அழுகுரல் கேளாத ஊர் ஓர் ஊராகுமா என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. அம்முதியோர்க்கு அவ்வையம் இருப்பதாகத் தெரியவில்லை. நாள் முழுதும் அவர்கள் ஓய்வின்றி இருக்கின்றனர்.

காலையில் வெயில் ஏறுமுன் நடை. பின் குளத்துநீரில் நின்றவாறே உடற்பயிற்சி. முற்பகலில் ஆடவர் சிலர் மரவேலைக் கூடத்திலும், சிலர் பாலையிற் பொறுக்கிய கற்களைப் பட்டை தீட்டும் கூடத்திலும் இருப்பர். மகளிர் பலர் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பர். இருபாலரும் கூடி ஆடும் பந்தாட்டங்கள் உண்டு. இக்கூடங்களில் கற்பிப்போர் பெரும்பாலும் அங்கே தங்கியிருப்போரே. தச்சராக இருந்தவர் மரவேலை கற்பிக்கிறார். செவிலியாக இருந்தவர் குருதியழுத்தம் பார்க்கிறார். மின்பணியாளர் அண்டை வண்டியின் பழுது நீக்குகிறார். ஓய்வுபெற்ற மறுநாளே தமக்கு மதிப்பில்லாமற் போயிற்று என்று மனம் நொந்து திண்ணையில் அமரும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்கள் கையில் மீண்டும் ஒரு தொழிலைக் கொடுத்துவிடுவதே இக்குடியிருப்புகளின் தலையாய பயன் எனலாம். முன்னாள் பதவிப் பெருமை அங்கே நெடுநேரம் விலைபோவதில்லை என்பதும் உண்மை. மேலாளரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே அளவுள்ள மனையில், அடுத்தடுத்து, ஒரே வகைத் தொட்டியைக் காலிசெய்துகொண்டிருப்பர்.

மாலையில் அவரவர் நாற்காலியைத் தாமே சுமந்து வந்து வட்டமாக அமர்வர். வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு வீட்டினரும் ஓர் உணவு சமைத்துக் கொணர்ந்து பொதுமேசையில் வைத்து அனைவரும் பகிர்ந்துண்பர். இப்பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் டோரதி கவுண்ட்ஸ், டேவிட் கவுண்ட்ஸ் என்னும் கனடா நாட்டு மானிடவியல் இணையர். பாப்புவா நியூகினி மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த அவர்கள், பின்னர்த் தாமே சக்கர வீடொன்றில் வாழ்ந்து இம்முதியோரை ஆராய்ந்து 1996இல் 'ஓவர் தி நெக்ஸ்ட் ஹில்' என்னும் நூலை வெளியிட்டனர். முன்பின் அறியாதவர் உணவையும் உதவியையும் மாற்றி மாற்றி அளிப்பதன் வாயிலாக உறவினராகிவிடுகின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. கற்பியலின் இறுதியில் முதுமை இல்லறத்தைப் பேசும் தொல்காப்பியர், தலைவனும் தலைவியும் மக்களொடும் சுற்றத்தொடும் கூடி அறம் பயில்வதைக் கூறுகிறார். இங்கோ மக்கள் ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றனர். சுற்றத்தின் இடத்தை அண்டை வண்டியினர் நிரப்புகின்றனர். நாளை அவர்களும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதே வேறுபாடு.

பொருள் எங்கிருந்து வருகிறது?

மாணவமணிகள் இங்கே ஒரு வினா எழுப்பலாம்: உழைக்காத முதியோர்க்கு இத்துணைப் பொருள் ஏது? பிள்ளைகள் அனுப்பும் பணம் அன்று. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், உழைக்கும் காலத்தில் ஊதியத்திலிருந்து பிடித்த தொகையைக் கொண்டு முதுமையில் மாதந்தோறும் உதவித்தொகை வழங்க வழிசெய்தது. 1940 சனவரியில் முதல் மாத உதவியைப் பெற்றவர் வெர்மான்ட் மாநிலத்து ஐடா மே ஃபுல்லர் என்னும் மூதாட்டி. தொகை 22 டாலர் 54 சென்ட். 1965இல் முதியோர் மருத்துவக் காப்பீடு வந்தது. கனடாவில் 1952 முதல் முதியோர் உதவித்தொகை வழங்கப்படுகிறது. கையில் தம் பணம் இருந்ததால் பிள்ளைகள் வீட்டு ஓரறையில் ஒடுங்க வேண்டிய தேவை நீங்கிற்று. பிள்ளைகளிடம் அன்பு குறைந்ததால் இவ்வாழ்வு தோன்றியதென்பதைவிட, மாதாமாதம் தவறாது வரும் சிறு தொகையால் தோன்றியதென்பதே பொருந்தும்.

காப்பீட்டில் ஓட்டைகளும் உண்டு. அமெரிக்க முதியோர் காப்பீடு பொதுவாகப் பல் மருத்துவத்தையும் மூக்குக் கண்ணாடியையும் ஏற்பதில்லை. ஆகவே யூமாவில் தங்குவோர் எல்லை கடந்து மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனஸ் என்னும் சிற்றூருக்குச் செல்கின்றனர். நடந்தே கடக்கத்தக்க எல்லை அது. சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான பல் மருத்துவர்கள்! காலையில் சென்று பல் கட்டிக்கொண்டு, மருந்தும் கண்ணாடியும் வாங்கி, மாலையில் திரும்புவர். கனடா முதியோர்க்கு வேறு கட்டுப்பாடு. ஒண்டாரியோ மாநிலத்தார் பன்னிரண்டு மாதத்தில் 212 நாளுக்குமேல் வெளியே தங்கினால் தம் அரசு மருத்துவக் காப்பீட்டை இழக்க நேரும். வெளிநாட்டில் நோயுற்றால் ஆகும் செலவுக்குத் தனிக்காப்பீடு எடுத்தல் வேண்டும். நெஞ்சுநோய் முன்பே இருப்பின் அது எளிதிற் கிடைக்காது. எனவே நாட்களை எண்ணி எண்ணியே அவர்கள் பாலையில் வாழ்கின்றனர். பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை அமெரிக்கத் தரையெல்லை அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. வானூர்தியில் மனிதர் போகலாம். வீடு தரைவழியே அல்லவா போகவேண்டும்?

எல்லாரும் விரும்பி வந்தவர் என்று கூறுதல் பொருந்தாது. 2008ஆம் ஆண்டுப் பொருளியல் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வாடகை கொடுக்க இயலாமையாலேயே வண்டியில் குடியேறியவர் பலர். அவர்கள் கோடையில் முகாம்களைக் காவல் புரிந்தும், இலையுதிர் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடையிலும் பண்டகசாலைகளிலும் குறுங்காலக் கூலிவேலை செய்தும் பிழைத்து, பனிக்காலத்தில் குவார்ட்சைட்டை நாடினர். இவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' என்னும் நூல் பின்னர்த் திரைப்படமாகி, 2021இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. நீச்சற்குளத்து ஓய்வாளரும், எழுபதிலும் பெட்டி சுமக்கும் கூலியாளரும் ஒரே சந்தையில் அருகருகே நின்று பழைய கருவி விலை கேட்பர். வெயில் இருவர்க்கும் பொது. ஓய்வு இருவர்க்கும் பொதுவன்று.

ஒருவர் எஞ்சும்போது

இவ்வாழ்வின் உண்மையான சோதனை பணத்தில் இல்லை. இருவர் ஒருவராகும் நாளில் உள்ளது. குவார்ட்சைட்டில் மருத்துவமனை இல்லை. நெஞ்சு வலித்தால் வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பார்க்கர் என்னும் ஊருக்கோ, அதனினும் தொலைவுக்கோ கொண்டுபோக வேண்டும். கணவர் அங்கேயே மறைந்துவிட்டால் மனைவியிடம் எஞ்சுவது, தாம் ஒருநாளும் ஓட்டியறியாத ஒரு பெருவண்டி. பகிர்ந்துகொண்ட பணிகளில் ஒரு பாதி அவருடன் போய்விடுகிறது. மனைவி முந்தினாலும் துயரம் அதே. எந்த மருந்து எப்பொழுது உண்பது என்றறியாத ஆடவர், மகள் தொலைபேசி எண்ணையும் தேடவேண்டியவராகிறார்.

அண்டையார் அந்நாளில் உறவினரினும் மேலாக நிற்கின்றனர். உணவு கொணர்கின்றனர், அரசுத் தாள்களை நிரப்பித் தருகின்றனர், வண்டியை வடக்கே ஓட்டிச் சென்று ஒப்படைப்பவரும் உண்டு. ஆயினும் ஏப்ரல் வந்தால் அவரவர் வழி அவரவர்க்கு. இவ்விடரை முன்னறிந்தோர் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளனர். 1991இல் சக்கர வீட்டு மகளிர்க்கென அமைப்பொன்று தோன்றியது. பெருவண்டியை ஓட்டவும், இணைக்கவும், பின்னோக்கிச் செலுத்தவும் பெண்களே பெண்களுக்குக் கற்பித்தல் அவ்வமைப்பின் பணிகளுள் ஒன்று. கணவர் நலமாக இருக்கும்போதே கற்றுக்கொள்ளும் மகளிர் அறிவுடையோர் என்போம். தனியராகப் பயணம் செய்வோர்க்கு 'லோனர்ஸ் ஆன் வீல்ஸ்' என்றொரு சங்கம் உண்டு. அதன் விதி வியப்பானது: உறுப்பினர் எவரேனும் துணை தேடிக்கொண்டால் சங்கத்தை விட்டு விலகிவிட வேண்டும்!

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் என்னும் ஊரில் உள்ள ஏற்பாடு. 1978இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் இணையர் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்னும் சக்கர வீட்டார் சங்கத்தின் தலைமையிடம் அது. நிலையான முகவரி இல்லாத ஆயிரக்கணக்கானோர்க்கு அஞ்சல் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறது. அச்சங்கத்தைச் சார்ந்து, இனிப் பயணம் செய்ய இயலாதவர்க்கெனப் பேணகம் ஒன்றும் அமைந்துள்ளது. முதியோர் இல்லத்து அறைக்கு அவர்கள் மாறவேண்டியதில்லை. தம் வண்டியை அங்கே கொணர்ந்து நிறுத்தி, அதிலேயே வாழலாம். நாள்தோறும் மூன்று வேளை உணவு பொதுக்கூடத்தில் கிடைக்கும். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஆள் உண்டு. தம் கட்டில், தம் அடுப்பு, தம் சன்னல் ஆகியவற்றை இழக்காமலே பிறர் துணையைப் பெறுகின்றனர். நோயுற்ற கணவருடன் வந்து, அவர் மறைந்தபின்னும் அங்கேயே தங்கிவிடும் மகளிரும் உண்டு. பிள்ளைகள் அழைக்காமலில்லை. மகன் வீட்டில் அறை உண்டு. ஆனால் அடுப்பு மருமகளுடையது.

ஏப்ரல் நடுவில் லா போசாவில் சீட்டுக் காலம் முடிவடைகிறது. அதற்கு முன்பே வெயில் ஏறத் தொடங்கிவிடும். இழுப்பறைச் சுவர்கள் உள்வாங்கப்படுகின்றன, வாசலில் விரித்த பாய் சுருட்டப்படுகிறது, தொட்டிகள் காலிசெய்யப்படுகின்றன. ஒருவர் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கையுயர்த்த, மற்றவர் வண்டியைக் கிளப்புகிறார். விற்பனைக்கு என்று எழுதிய அட்டை செருகப்பட்ட வண்டிகள் சில மட்டும் அங்கேயே நிற்கின்றன.